சம்பள லீகா, கல்லூரியா? அமெரிக்காவின் இளம் கூடைப்பந்து வீரர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியை முடித்த கையோடு கூடைப்பந்தில் பெயரெடுத்துவிட்ட அமெரிக்கப் பையன் அடுத்த ஓராண்டை எங்கே கழிப்பது? கல்லூரி அணியிலா, சம்பளம் தரும் லீகிலா? 2018 வாக்கில் இந்தக் கேள்வி அங்கே பெரிய விவாதமாக இருந்தது. கல்லூரிகளின் ஏகபோகத்தை உடைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு லீக் மேல் லீகாக முளைத்தன. அவற்றில் மிகப் பெரிய முயற்சியான ஜி லீக் இக்னைட் அணியை 2024 மார்ச்சில் மூடப் போவதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகு என்னிடம் வந்த கேள்விகளையும், வந்திருக்க வேண்டிய சிலவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

பள்ளி முடித்தவுடன் நேராக என்.பி.ஏ.வுக்குப் போக முடியாதா?

என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறை லீகுக்கு ஒரு காலத்தில் அப்படித்தான் போனார்கள். கெவின் கார்னெட் 1995இல் போனார், கோபி பிரையன்ட் 1996இல், லெப்ரான் ஜேம்ஸ் 2003இல். நேராகப் போய்க் காணாமல்போனவர்களும் உண்டு. அவர்கள் பெயர் நமக்கு நினைவில் இருப்பதில்லை.

2005இல் என்.பி.ஏ.வும் வீரர்கள் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தம் அந்தக் கதவை மூடியது. டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் வீரருக்கு 19 வயது நிரம்ப வேண்டும். அமெரிக்கர் என்றால் பள்ளி முடித்து ஓராண்டு கழிந்திருக்கவும் வேண்டும். (30 அணிகளும் ஆண்டுக்கு ஒருமுறை புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடுதான் டிராஃப்ட். இரண்டு சுற்றுகள் உண்டு. முதல் சுற்றில் தேர்வானவருக்குச் சம்பளம் உறுதி.) பழைய விதியின்படி நடந்த கடைசி டிராஃப்டில், பள்ளியிலிருந்து வந்தவர்களில் கடைசியாக, 56ஆவது இடத்தில் தேர்வானவர் அமிர் ஜான்சன். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

2023இல் புதிய ஒப்பந்தம் வந்தபோது இந்த விதி நீங்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நீங்கவில்லை. எனவே 18க்கும் 19க்கும் நடுவே ஓராண்டு அந்தரத்தில் தொங்குகிறது. எல்லாச் சண்டையும் அந்த ஓராண்டுக்காகத்தான்.

கல்லூரி விளையாட்டில் அப்போது பணமே கிடையாதா?

பணம் கொட்டிக் கிடந்தது, வீரருக்கு மட்டும் கிடைக்கவில்லை. கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மார்ச் மாதத் தொடரில் 68 அணிகள் ஆடுகின்றன. அந்தத் தொடரை ஒளிபரப்பும் உரிமைக்காக சி.பி.எஸ்., டர்னர் நிறுவனங்கள் இப்போது ஆண்டுக்குச் சராசரியாக 110 கோடி டாலர் தருகின்றன. பயிற்சியாளர்கள் பல லட்சம் டாலர் வாங்கினார்கள். ஆடிய பையனுக்குக் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு. அதற்கு மேல் ஒரு டாலர் வாங்கினாலும் குற்றம்.

இந்த விதியை எவ்வளவு கறாராகப் பிடித்தார்கள் என்பதற்கு மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஜேம்ஸ் வைஸ்மன் ஓர் உதாரணம். அவர் பள்ளி மாணவராக இருந்த 2017இல், குடும்பம் மெம்பிஸ் நகருக்கு வீடு மாற்றிக்கொண்டு வர 11,500 டாலர் உதவினார் பென்னி ஹார்டவே. அப்போது அவர் பள்ளிப் பயிற்சியாளர். பின்னால் அதே பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஆனார். பல்கலைக்கழகத்துக்கு முன்பே நன்கொடை கொடுத்தவர் என்பதால் அந்த உதவி விதிமீறல் ஆகிவிட்டது. வைஸ்மனை 12 ஆட்டங்களுக்குத் தடை செய்தார்கள். அவர் மூன்று ஆட்டங்களோடு கல்லூரியை விட்டே போய், 2020 டிராஃப்டில் இரண்டாவது ஆளாகத் தேர்வானார்.

மேசைக்குக் கீழே கைமாறிய பணம் தனிக் கதை. 2017 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. நடவடிக்கையில் அது வெளியே வந்தபோது, ஷூ நிறுவனத்து ஆள்கள் வீரர்களின் குடும்பங்களுக்குப் பணம் தந்து கல்லூரிகளுக்குத் தள்ளிவிட்டது நீதிமன்றம் வரை போனது. சம்பள லீக் என்ற யோசனைக்கு நியாயம் கிடைத்தது இந்தப் பின்னணியில்தான்.

சம்பளத்துக்காகக் கல்லூரியை முதலில் உதறியவர் யார்?

வயது விதி வந்த பிறகு பெரிய அளவில் பேசப்பட்டவர் பிரான்டன் ஜென்னிங்ஸ். 2008இல் அரிசோனா பல்கலைக்கழகத்துக்குப் போக இருந்தவர், இத்தாலியில் ரோம் அணியில் சேர்ந்தார். அங்கே ஆடக் கிடைத்த நேரம் குறைவுதான். ஆனாலும் 2009 டிராஃப்டில் பத்தாவதாகத் தேர்வாகி, அதே நவம்பரில் மில்வாக்கி அணிக்காக ஒரே ஆட்டத்தில் 55 புள்ளிகள் எடுத்தார். 2014இல் இம்மானுவல் முடியே சீனாவின் குவாங்டாங் அணிக்குப் போனார். காயத்தால் சில ஆட்டங்களே ஆடினாலும் ஏழாவதாகத் தேர்வானார்.

இதிலிருந்து என்.பி.ஏ. அணிகள் ஒன்றைக் காட்டிவிட்டன. திறமை இருந்தால் பையன் எங்கே ஆடினான் என்று அவர்கள் பார்ப்பதில்லை. ஆனால் 18 வயதில் மொழி தெரியாத ஊரில், முப்பது வயது ஆள்களுக்கு நடுவே, பெஞ்சில் உட்கார எத்தனை பேர் தயார்? அந்தப் பாதையில் போனவர்கள் சிலரே.

லவார் பால் தொடங்கிய லீக் என்ன ஆனது?

மூன்று மகன்களையும் கூடைப்பந்து நட்சத்திரமாக்குவேன் என்று ஊரெல்லாம் அறிவித்த தந்தை அவர். 2017 டிசம்பரில் ஜே.பி.ஏ. என்ற லீகை அறிவித்தார். பள்ளி முடித்தவர்களுக்கு மாதம் 3,000 முதல் 10,000 டாலர் வரை சம்பளம் என்றார். 2018 கோடையில் எட்டு அணிகளோடு லீக் நடந்தது. எட்டு அணிகளுக்கும் ‘பாலர்ஸ்’ என்றே பெயர், முன்னால் ஊர்ப் பெயர் மட்டும் மாறும். தன் குடும்பப் பெயரை எட்டு ஊருக்குப் பங்கிட்டுக் கொடுத்த பெருந்தன்மை!

கடை விரித்தார், கொள்வாரில்லை. முன்னணி மாணவர்கள் யாரும் வரவில்லை, அரங்குகள் காலியாகக் கிடந்தன, ஒரே பருவத்தோடு கதை முடிந்தது. அதில் ஆடியவர்களில் பெரிய பெயரானவர் அவருடைய கடைசி மகன் லமேலோ. அவரும் அதன்பின் ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஆடித்தான் டிராஃப்டில் மேலே வந்தார்.

ஏறக்குறைய அதே காலத்தில் இதைவிடப் பொறுப்பான திட்டம் ஒன்றும் இருந்தது. ஹிஸ்டாரிக்கல் பாஸ்கெட்பால் லீக் என்று பெயர். பின்னால் புரொஃபெஷனல் காலேஜியேட் லீக் ஆனது. கல்லூரியில் படித்துக்கொண்டே சம்பளத்துக்கு ஆடலாம் என்பது ஏற்பாடு. முன்னாள் என்.பி.ஏ. வீரர் டேவிட் வெஸ்ட் அதில் பொறுப்பேற்றிருந்தார். காகிதத்தில் மிக நியாயமான யோசனை. ஒரு பந்துகூட வீசப்படாமலே முடிந்தது.

ஜி லீக் இக்னைட் எந்த வகையில் வேறுபட்டது?

பின்னால் என்.பி.ஏ.வே இருந்தது. என்.பி.ஏ. நடத்தும் இரண்டாம் நிலை லீகின் பெயர் ஜி லீக். 2018இல், தகுதியுள்ள 18 வயது வீரர்களுக்கு 1,25,000 டாலர் ஒப்பந்தம் தருவதாக அறிவித்தார்கள். பெரிய மீன் எதுவும் சிக்கவில்லை. 2020 ஏப்ரலில் தனி அணியாக இக்னைட்டை உருவாக்கியபோது, அந்த ஆண்டின் முதல்நிலை மாணவர்களில் ஒருவரான ஜேலன் கிரீன் 5 லட்சம் டாலருக்கு மேல் பெற்று வந்து சேர்ந்ததாகச் செய்திகள் வந்தன. காங்கோவிலிருந்து வந்த ஜோனதன் குமிங்காவும் சேர்ந்தார்.

அந்த முதல் அணியின் பட்டியலே ஒரு வரலாற்றுப் பாடம். இளைஞர்களுக்கு வழிகாட்ட அனுபவசாலிகள் சிலரைச் சேர்த்திருந்தார்கள்; அவர்களில் ஒருவர் மேலே சொன்ன அமிர் ஜான்சன். பழைய விதியின்படி பள்ளியிலிருந்து நேராக என்.பி.ஏ. போன கடைசி ஆள், அப்படிப் போகத் தடைபட்ட பையன்களோடு ஒரே ஜெர்ஸியில் ஆடினார். பஞ்சாபைச் சேர்ந்த பிரின்ஸ்பால் சிங்கும் அந்த அணியில் இருந்தார். டெல்லி அருகே உள்ள என்.பி.ஏ. அகாடமியில் பயின்றவர் அவர்.

கொரோனாக் காலம் என்பதால் முதல் பருவம் முழுவதும் புளோரிடாவில் டிஸ்னி வளாகத்துக்குள் பார்வையாளர்கள் இல்லாமல் நடந்தது. 15 ஆட்டங்களில் 8 வெற்றி. 2021 டிராஃப்டில் கிரீன் இரண்டாவது, குமிங்கா ஏழாவது. அடுத்தடுத்த ஆண்டுகளில் டைசன் டேனியல்ஸ் எட்டாவது, ஸ்கூட் ஹென்டர்சன் மூன்றாவது, ரான் ஹாலண்ட் ஐந்தாவது, மட்டாஸ் புசெலிஸ் பதினொன்றாவது. நான்கே டிராஃப்டுகளில் இது சாதாரண அறுவடை இல்லை.

அப்படியானால் அது ஏன் மூடப்பட்டது? தோற்றுப்போனதாலா?

கடைசிப் பருவத்தில் 34 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஆனால் காரணம் அதுவல்ல.

இக்னைட்டின் கையில் இருந்த துருப்புச் சீட்டு ஒன்றே ஒன்றுதான்: பணம். கல்லூரி தராத பணத்தை நாங்கள் தருகிறோம் என்பதே அதன் மொத்த விளம்பரம். 2021 ஜூலை 1 அன்று கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. விதியைத் தளர்த்தியது. அந்தச் சீட்டு அன்றே செல்லாக்காசு ஆகிவிட்டது. அதன்பிறகு கல்லூரியிலும் பணம் உண்டு. கூடவே 15,000 பேர் கத்தும் அரங்கு உண்டு, தேசியத் தொலைக்காட்சி உண்டு, மார்ச் தொடர் உண்டு. இக்னைட்டில் பணம் மட்டும்.

அந்த அணிக்கென்று ஓர் ஊர்கூட இல்லை. முதலில் கலிபோர்னியாவின் வால்நட் கிரீக், பிறகு லாஸ் வேகாஸை ஒட்டிய ஹென்டர்சன். அதற்கு ஒரே ஒரு முறை உலகின் பார்வை கிடைத்தது என்றால் அது 2022 அக்டோபரில். பிரான்ஸிலிருந்து விக்டர் வெம்பன்யாமா தன் மெட்ரோபாலிடன்ஸ் 92 அணியோடு ஹென்டர்சனுக்கு வந்து இரண்டு காட்சி ஆட்டங்கள் ஆடினார். முதல் ஆட்டத்தில் அவர் 37 புள்ளிகள், ஸ்கூட் ஹென்டர்சன் 28 புள்ளிகள். இக்னைட் 122-115 என்று வென்றது. அடுத்த டிராஃப்டின் முதல் இடமும் மூன்றாம் இடமும் ஒரே தளத்தில் மோதிய இரவு அது. சரி, அந்த அணியின் வேறு ஏதாவது ஓர் ஆட்டத்தை யாராவது நினைவு வைத்திருக்கிறார்களா? அன்று கூட்டம் வந்தது இரண்டு வீரர்களைப் பார்க்க. இக்னைட்டைப் பார்க்க யாரும் எப்போதும் வரவில்லை.

கல்லூரி வீரருக்கு இப்போது உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது?

இரண்டு வழிகளில் பணம் வருகிறது. ஒன்று, மேலே சொன்ன விளம்பர ஒப்பந்தங்கள். இரண்டாவது, 2025 ஜூலை முதல் கல்லூரியே நேரடியாகத் தரும் பங்கு. ‘ஹவுஸ்’ வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த சமரசத்தின்படி, ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து முதல் ஆண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிரலாம். பெரிய கல்லூரிகளில் இதில் சிங்கப் பங்கை அமெரிக்கக் கால்பந்து விழுங்கிவிடும். கால்பந்தைப் பெரிதாக நடத்தாத கல்லூரிகளுக்குக் கூடைப்பந்துக்குத் தாராளமாக ஒதுக்க முடிகிறது. அதனால் சில பழைய கூடைப்பந்துக் கல்லூரிகள் மீண்டும் தலைதூக்குகின்றன.

உச்சத்தில் இருப்பவர்களின் தொகை தலையைச் சுற்ற வைக்கும். யூட்டாவில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்த ஏ.ஜே. டிபான்ட்சாவுக்கு 50 லட்சம் டாலருக்கும் மேல் என்று செய்திகள் வந்தன. இக்னைட் ஜேலன் கிரீனுக்குத் தந்ததாகச் சொல்லப்பட்டதைவிடப் பல மடங்கு. 2020இல் அந்தத் தொகையைப் பார்த்துக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் மிரண்டார்கள் என்பதை இன்று நம்புவதே கடினம்.

என்னைக் கேட்டால், நடுத்தர வீரர்களின் கதைதான் இதைவிடச் சுவாரசியம். முன்பெல்லாம் இரண்டாம் சுற்றில் தேர்வாகலாம், ஆகாமலும் போகலாம் என்ற நிலையில் இருந்தவர் துணிந்து கல்லூரியை விட்டுப் போவார். கடைசியில் ஜி லீகில் பருவத்துக்கு 40,000 டாலரை ஒட்டிய சம்பளத்தில் நிற்பார். இன்று அதே ஆள் கல்லூரியிலேயே இருந்தால் அதைப்போலப் பல மடங்கு வருகிறது. வட கரோலினாவின் அர்மாண்டோ பேகாட், கொன்சாகாவின் ட்ரூ டிம்மி போன்றவர்கள் நான்காம், ஐந்தாம் ஆண்டு வரை இருந்து ஆடினார்கள். சம்பள லீகுகள் குறிவைத்த இடத்தில் கல்லூரி இப்போது பாய் விரித்துப் படுத்துவிட்டது.

கல்லூரிகள் மனம் இளகியா இதைச் செய்தன?

கழுத்தைப் பிடித்துத் தள்ளியதால் செய்தன. 1995இல் யூ.சி.எல்.ஏ. அணியோடு பட்டம் வென்ற எட் ஒபேனன், தன்னை அச்சாக வைத்து வீடியோ விளையாட்டு விற்கிறார்கள், தனக்கு ஒரு காசு வரவில்லை என்று வழக்குப் போட்டார், 2014இல் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி கவனா தனியாக எழுதிய குறிப்பில், இந்த அமைப்பு சட்டத்துக்கு அப்பாற்பட்டது இல்லை என்று குத்தினார். அதோடு கலிபோர்னியாவில் தொடங்கிப் பல மாநிலங்கள் தாமாகவே சட்டம் இயற்றிவிட்டன.

சம்பள லீகுகளுக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஜேலன் கிரீன் போன்ற ஒருவர் கல்லூரிப் பக்கமே எட்டிப் பார்க்காமல் டிராஃப்டில் இரண்டாவதாக வந்தபோது, ‘கல்லூரி இல்லாமல் முடியாது’ என்ற பழைய மிரட்டல் பிசுபிசுத்துப் போனது.

ஆட்டத் திறன் எங்கே அதிகம் வளர்கிறது?

இங்கே சம்பள லீகுக்கு உண்மையான வாதம் இருந்தது. கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், என்.பி.ஏ. 48 நிமிடம். கல்லூரியில் 30 விநாடிக்குள் பந்தை எறிய வேண்டும், என்.பி.ஏ.வில் 24 விநாடி. மூன்று புள்ளிக் கோடும் கல்லூரியில் கொஞ்சம் கிட்டே. இக்னைட்டில் சேர்ந்தால் 18 வயதிலேயே என்.பி.ஏ. கோடு, என்.பி.ஏ. கடிகாரம், எதிரே 26 வயது ஆள்கள். வகுப்புக்குப் போக வேண்டியதில்லை என்பதால் பயிற்சி நேரத்துக்கும் வரம்பில்லை.

ஆனால் தோற்றாலும் வென்றாலும் ஒன்றுதான் என்ற இடத்தில் வளர்வதற்கு ஒரு விலை இருக்கிறது. தன் புள்ளிக் கணக்கையே பார்த்து ஆடும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. மார்ச் தொடரில் ஒரே ஒரு தவறான பாஸ் மொத்தப் பருவத்தையும் முடித்துவிடும். அந்த அழுத்தத்தை எந்தப் பயிற்சிக்கூடத்திலும் உருவாக்க முடியாது. டிராஃப்ட் முடிவுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு வழிகளும் வென்றவர்களையும் தந்திருக்கின்றன, தடுமாறியவர்களையும் தந்திருக்கின்றன.

ஓவர்டைம் எலீட் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

வேலையை மாற்றிக்கொண்டதால். இந்தச் சம்பள லீகை 2021இல் அட்லான்டாவில் தொடங்கியபோது, 16 முதல் 18 வயதுக்குள் உள்ளவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது ஒரு லட்சம் டாலர் சம்பளம், நிறுவனத்தில் சிறு பங்கு, பின்னால் படிக்க விரும்பினால் அதற்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். அமென், ஆசார் தாம்ப்சன் என்ற இரட்டையர் அங்கே ஆடி, 2023 டிராஃப்டில் அடுத்தடுத்து நான்காவதும் ஐந்தாவதுமாகத் தேர்வானார்கள். இதைவிட நல்ல விளம்பரம் யாருக்குக் கிடைக்கும்?

இருந்தும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவர்கள் சீக்கிரமே பார்த்துவிட்டார்கள். 2022இலேயே, சம்பளம் வேண்டாம் என்பவர்களை உதவித்தொகை மாணவராகச் சேர்த்து, கல்லூரியில் ஆடும் தகுதி கெடாமல் பார்த்துக்கொள்ளும் வழியைத் திறந்தார்கள். அந்த வழியில் போன ராப் டில்லிங்ஹம் கென்டக்கியில் ஓராண்டு ஆடி 2024இல் எட்டாவதாகத் தேர்வானார். கல்லூரிக்கு மாற்று என்று பலகை மாட்டிய கடை, கல்லூரிக்கு ஆள் அனுப்பும் வாசல் ஆகிவிட்டது. அவர்களுக்கு ஓவர்டைம் என்ற சமூக ஊடக நிறுவனம் பின்னால் இருக்கிறது. வீடியோவைப் பார்க்க ஆள் இருக்கும்வரை கடை ஓடும்.

ஆஸ்திரேலிய லீக் பற்றிச் சொல்லவே இல்லையே?

வேண்டுமென்றேதான் தள்ளி வைத்தேன். இந்த மொத்தக் கதையிலும் எனக்குப் பிடித்த பகுதி அது.

அங்குள்ள என்.பி.எல். லீக் 2018இல் ‘நெக்ஸ்ட் ஸ்டார்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. வெளிநாட்டு இளைஞர் ஒருவரை அணியில் சேர்த்தால் அவரது சம்பளத்தை லீக் ஏற்கும். அந்த வழியில் வந்தவர்கள்: லமேலோ பால் (2020இல் மூன்றாவது), பிரான்ஸின் உஸ்மான் டியெங் (2022இல் பதினொன்றாவது), அலெக்ஸ் சார் (2024இல் இரண்டாவது). உள்ளூர்ப் பையன் ஜாஷ் கிடியும் அதே திட்டத்தில் அடிலெய்டுக்கு ஆடி 2021இல் ஆறாவதாக வந்தார். லமேலோ இல்லவாரா அணிக்காகச் சிட்னியில் ஆட வந்த ஒரு நாள் 17,000க்கும் மேற்பட்டோர் அரங்கை நிறைத்தார்கள்.

இக்னைட் போய்விட்டது, இது நிற்கிறது. ஏன்? ஆஸ்திரேலிய லீக் இந்தப் பையன்களுக்காகக் கட்டப்பட்டது இல்லை. பெர்த்துக்கும் சிட்னிக்கும் சொந்த ரசிகர்கள் இருக்கிறார்கள், பழைய பகைகள் இருக்கின்றன, வெல்ல வேண்டிய கோப்பை இருக்கிறது. பையன் அங்கே ஒரு பருவத்து விருந்தாளி. அவன் போனாலும் வீடு நிற்கும். ஐரோப்பாவிலும் இதுதான் நிலை: லூகா டான்சிச் 16 வயதில் ரியல் மாட்ரிட் முதல் அணிக்கு ஆடினார், 2018இல் யூரோலீகின் சிறந்த வீரர் ஆனார், அவர் என்.பி.ஏ.வுக்குப் போனதால் மாட்ரிட் கடையை மூடிவிடவில்லை.

விருந்தாளிக்கு ஒரு சிக்கலும் உண்டு. வீட்டுக்காரர் வெல்லத்தான் ஆடுவார், விருந்தாளியைக் காட்சிக்கு வைக்க ஆடமாட்டார். நியூசிலாந்து பிரேக்கர்ஸ் அணிக்குப் போன ஆர்.ஜே. ஹாம்ப்டன் 24ஆவது இடத்துக்கு இறங்கினார்.

பெண்கள் கூடைப்பந்தில் நிலைமை என்ன?

அங்கே கல்லூரியின் கை இன்னும் ஓங்கியிருக்கிறது. டபிள்யூ.என்.பி.ஏ.வில் சேர அமெரிக்க வீராங்கனை 22 வயதை எட்ட வேண்டும், அல்லது கல்லூரிக் காலத்தை முடித்திருக்க வேண்டும். 2024இல் முதல் ஆளாகத் தேர்வான கெய்ட்லின் கிளார்க்கின் முதல் ஆண்டு லீக் சம்பளம் 76,535 டாலர். அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது விளம்பரங்களில் அவர் சம்பாதித்தது அதைவிடப் பல மடங்கு. அவர் ஆடிய 2024 கல்லூரி இறுதி ஆட்டத்தைச் சுமார் 1 கோடியே 90 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சுமார் ஒன்றரைக் கோடி.

2025 ஜனவரியில் மயாமியில் தொடங்கிய ‘அன்ரைவல்டு’ என்ற மூவர் அணி லீக் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. கல்லூரியோடு மல்லுக்கட்டாமல், கனெக்டிகட்டில் படித்துக்கொண்டிருந்த பெய்ஜ் பெக்கர்ஸோடு முன்கூட்டியே விளம்பர ஒப்பந்தம் போட்டு, பங்கும் தந்தது. பெண்ணைக் கல்லூரியிலிருந்து பிடுங்காமலே தன் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள். ஆண்கள் லீகுகளுக்கு இந்தப் புத்தி ஏன் முதலிலேயே வரவில்லை என்று தெரியவில்லை.

இந்தியாவிலிருந்து ஒருவர் போனால் எந்த வழி நல்லது?

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. அமெரிக்கக் கல்லூரியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர் பொதுவாக எஃப்-1 விசாவில் இருப்பார். அந்த விசாவில் அமெரிக்க மண்ணில் வேலை செய்து சம்பாதிக்கக் கடும் கட்டுப்பாடு. சக அமெரிக்க வீரர் கார் விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் முடியும். கனடாவின் ஸாக் ஈடி பர்டியூவில் இரண்டு முறை நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் ஆனவர். அவருக்கே இந்தத் தொல்லை இருந்தது. காங்கோவிலிருந்து வந்து கென்டக்கியில் ஆடிய ஆஸ்கர் ஷிப்வே, அணி பஹாமாஸ் தீவுகளுக்குப் பயணம் போனபோது விளம்பர வேலைகளை அங்கே வைத்து முடித்துக்கொண்டார்.

சம்பள லீகில் சேர்பவர் தொழில்முறை வீரராகப் போவதால் இந்தத் தொல்லை இல்லை. பிரின்ஸ்பால் சிங்குக்கு இக்னைட் அப்படித்தான் வசதியாக அமைந்தது. அவருக்கு முன்னால் 2015இல் டாலஸ் அணி 52ஆவதாகத் தேர்ந்தெடுத்த சத்னாம் சிங்கும் கல்லூரிக்குப் போகவில்லை. புளோரிடாவில் உள்ள ஒரு விளையாட்டுப் பள்ளியிலிருந்து நேராக டிராஃப்டுக்கு வந்தார். இன்று இக்னைட் இல்லாத நிலையில், விசா விவரத்தை வழக்கறிஞரிடம் கேட்காமல் எந்தக் கல்லூரித் தொகையையும் நம்பிக் கையெழுத்துப் போடக்கூடாது.

படிப்பு? அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

ஓராண்டில் கிளம்பிவிடும் பையனைப் பொறுத்தவரை, ஆகஸ்டில் சேர்ந்து ஏப்ரலில் டிராஃப்டுக்குப் பெயர் கொடுப்பதைப் படிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான்காண்டு இருந்து பட்டம் வாங்குபவர்களுக்குக் கல்லூரி தருவது உண்மையிலேயே பெரியது. கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் ஒன்றில் ஆண்கள் அணிகள் மட்டும் 350க்கு மேல் இருக்கின்றன, அவற்றில் ஆடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் என்.பி.ஏ. வாசலையே மிதிக்கப் போவதில்லை. சம்பள லீகில் அந்தப் பெரும்பாலோருக்கு இடமே இருந்ததில்லை.

ஆக, சம்பள லீக் ஒன்று கல்லூரியோடு இனிமேல் போட்டி போட முடியுமா?

இளம் வீரர்களுக்காக மட்டுமே புதிதாகத் தொடங்கும் லீக் என்றால், முடியாது என்பதே என் பதில். அதன் சிறந்த சரக்கு ஆண்டுதோறும் கையை விட்டுப் போய்விடும். கல்லூரிக்கும் அதே நிலைதான், ஆனால் டியூக் பல்கலைக்கழக ரசிகர் நீலச் சட்டைக்காகக் கத்துகிறார். சட்டைக்குள் இருப்பவர் அடுத்த ஆண்டு மாறினாலும் கத்துவார். அவர் அப்பாவும் அங்கேதான் படித்திருப்பார். கூப்பர் ஃபிளாக் ஓராண்டு இருந்து 2025இல் டாலஸுக்கு முதல் தேர்வாகப் போனார். அடுத்த நவம்பரில் டியூக் அரங்கில் ஒரு இருக்கைகூடக் காலியில்லை. இந்தப் பற்றுக்கு விலைச்சீட்டு ஒட்டி வாங்க முடியாது, ஜெஃப் பெசோஸ் முதலீடு செய்தாலும்.

நட்சத்திரங்கள் இருந்தால் போதாதா என்றால், ரட்கர்ஸைப் பாருங்கள். அதே 2025 டிராஃப்டின் இரண்டாவது தேர்வு டிலன் ஹார்ப்பர், ஐந்தாவது தேர்வு ஏஸ் பெய்லி, இருவரும் ரட்கர்ஸ் அணியில் ஆடியவர்கள். அந்த அணி மார்ச் தொடருக்கே தகுதி பெறவில்லை. இரண்டு மாணிக்கங்களை வாங்கி வைத்தால் அணி ஆகிவிடாது என்று இக்னைட் கற்ற பாடத்தைக் கல்லூரிகளும் இனி காசு கொடுத்துக் கற்கும்.

நிலைமை மாற ஒரு வழி உண்டு: என்.பி.ஏ. 18 வயதை மறுபடி அனுமதிப்பது. அப்போது உச்சத்தில் உள்ள ஐந்தாறு பேர் இரண்டையும் தாண்டிப் போய்விடுவார்கள். 2025இல் முதல் தேர்வான ஃபிளாக்கின் முதல் ஆண்டுச் சம்பளமே 1 கோடியே 38 லட்சம் டாலரை ஒட்டியது. அதோடு எந்தக் கல்லூரியும் போட்டி போட முடியாது.

சம்பளம் வாங்கி ஆடிய ஒருவர் பிறகு கல்லூரிக்குப் போகலாமா?

2023 வரை பதில் எளிது: முடியாது. ஓவர்டைம் எலீட்டில் சேர்ந்த முதல் ஆள்களான பியூலி இரட்டையர் பின்னால் சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அங்கே வாங்கிய பணத்தைக் காட்டி என்.சி.ஏ.ஏ. தகுதியில்லை என்றது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள்.

இரண்டே ஆண்டுகளில் காட்சி தலைகீழ். ஐரோப்பிய அணிகளில் சம்பளத்துக்கு ஆடியவர்கள் சாரி சாரியாக அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வரத் தொடங்கினார்கள். 2025 செப்டம்பரில், இக்னைட்டில் ஆடிய மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு வீரர் தியரி டார்லானுக்கு சான்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் ஆட அனுமதி கிடைத்தது. அடுத்த மாதம் இன்னொரு இக்னைட் வீரரான லண்டன் ஜான்சன் லூயிவில்லைத் தேர்ந்தெடுத்தார். டிசம்பரில் பெய்லர் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்ட ஜேம்ஸ் நாஜி, 2023 டிராஃப்டில் 31ஆவதாகத் தேர்வானவர். பார்சிலோனாவில் தொழில்முறை ஆட்டமும் ஆடியவர். எல்லை எங்கே என்று இப்போது கல்லூரிப் பயிற்சியாளர்களே கத்துகிறார்கள். ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள் என்பதால், சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் பையன் ‘பிறகு கல்லூரிக்குப் போய்க்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கையில் போடக்கூடாது. வாங்கிய தொகை, ஆடிய லீக், பள்ளி முடித்த ஆண்டு ஆகிய மூன்றின் ஆவணங்களையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.